காலையில் கோழியின் இரைப்பையைத் தொட்டுப் பாருங்கள்



சென்ற கூட்டமைப்புக் கூட்டம் முடிந்து எல்லோரும் டீ குடித்துக்கொண்டிருந்தோம். செல்லம்பட்டி ஒன்றியத்திலிருந்து வந்த ஓர் உறுப்பினர் மட்டும் டீ வாங்காமல், முந்தானைக்குள் எதையோ பொத்திக்கொண்டு ஓரமாக நின்றார். என்னவென்று கேட்டதும் முந்தானையை விலக்கிக் காட்டினார். உள்ளே ஒரு செவலைக் கோழி, கண்ணை மூடி மூடித் திறந்துகொண்டிருந்தது. "மூணு நாளா எரை எடுக்கலைக்கா. எரப்பை மட்டும் கல்லு மாதிரி இருக்கு. தின்னாத கோழிக்கு எப்படிக்கா எரப்பை நெறஞ்சிருக்கும்?" என்று கேட்டார்.

நல்ல கேள்வி. அங்கே இருந்த நாற்பது பேரில் ஆளுக்கு ஒரு வைத்தியம் சொன்னார்கள். விளக்கெண்ணெய் ஊற்று, பூண்டை நசுக்கிப் போடு, தலைகீழாகப் பிடித்து உதறு, பிளேடு வைத்துக் கீறி எடுத்துவிட்டு ஊசி நூலால் தைத்துவிடு என்றெல்லாம் யோசனை வந்தது. "அறுத்துக் கொழம்பு வச்சிரு, கோழியும் வீணாகாது" என்றும் ஒரு சின்னம்மா சொன்னார். சிரித்தோம். ஆனால் அந்த உறுப்பினருக்குச் சிரிப்பு வரவில்லை. குழுவில் உள்கடன் வாங்கித்தான் அந்தக் கோழிகளை வாங்கியிருந்தார். செவலைக் கோழி அப்போதுதான் அடையிலிருந்து இறங்கி, பதினோரு குஞ்சுகளோடு திரிந்துகொண்டிருந்தது. தாய்க்கோழி போனால் குஞ்சுகளைப் பருந்துக்கும் காக்காவுக்கும் கொடுத்த மாதிரிதான்.

அன்றைக்குப் பேசியதையும், பிறகு கால்நடை மருத்துவரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதையும் இந்த மாதப் பாடமாக எழுதுகிறோம். முதலில் ஒரு தப்பை ஒத்துக்கொள்கிறோம். இரைப்பை அடைத்த கோழியைத் தலைகீழாகப் பிடித்து, வாய் வழியாகப் பிதுக்கி எடுக்கலாம் என்று நாங்களே முன்பு சில கூட்டங்களில் சொல்லியிருக்கிறோம். அது தப்பு. ஏன் தப்பு என்பதைக் கீழே விளக்குகிறோம்.

இரைப்பை எங்கே இருக்கிறது, என்ன செய்கிறது?

நாம் இரைப்பை என்றும் தீனிப்பை என்றும் சொல்வது கோழியின் வயிறு அல்ல. தொண்டைக்குழாய் கீழே இறங்கும் வழியில், கழுத்தின் அடியில் நெஞ்சுக்கு முன்னால், கோழியின் வலது பக்கமாகப் பை போல விரிந்திருக்கும் இடம் அது. கோழிக்குப் பல் கிடையாது. கிடைத்ததை மெல்லாமல் வேகவேகமாக முழுங்கி இந்தப் பையில் சேர்த்து வைத்துக்கொள்ளும். பருந்துக்கும் நாய்க்கும் பயந்து மேய்கிற உயிருக்கு இது ஒரு வசதி. அள்ளிப் போட்டுக்கொண்டு வந்து, நிழலில் உட்கார்ந்து நிதானமாகச் செரிக்கலாம். நாம் கடையில் வாங்கி மடியில் கட்டிக்கொண்டு வந்து வீட்டில் பிரிக்கிற மாதிரிதான்.

பையில் சேர்ந்த தீனி அங்கேயே தண்ணீரில் ஊறி இளகும். பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே உள்ள உண்மையான வயிற்றுக்குப் போய், அங்கே அமிலம் கலந்து, அதற்கடுத்த அரைவைப்பைக்குப் போகும். கோழி அறுக்கும்போது உள்ளே மண்ணும் சிறு கல்லுமாக இருக்கும் கெட்டிச் சதைக்கட்டியைப் பார்த்திருப்பீர்கள். அதுதான் அரைவைப்பை. நம் வீட்டு அம்மி, ஆட்டுக்கல் செய்யும் வேலையைக் கோழிக்கு அந்தக் கற்கள் செய்கின்றன. கல் இல்லாவிட்டால் அரைக்க முடியாது. அரைக்காவிட்டால் மேலே இருப்பது கீழே இறங்காது. பின்னால் வண்டி நின்றால் முன்னால் பாதை அடைபடும். இரைப்பை அடைப்பு பல நேரம் இப்படித்தான் ஆரம்பிக்கிறது.

(இந்தப் பையைப் பற்றி இன்னொரு விஷயம். புறாவுக்கும் இது உண்டு. புறா தன் குஞ்சுக்கு இந்தப் பையின் சுவரிலிருந்து பால் போன்ற ஒன்றைச் சுரந்து ஊட்டும். ஆணும் ஊட்டும், பெண்ணும் ஊட்டும். கோழிக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. குஞ்சு முதல் நாளே தானாகத்தான் பொறுக்கித் தின்ன வேண்டும்.)

மாலையில் மேய்ந்து வந்து அடையும் கோழிக்கு இரைப்பை நிறைந்துதான் இருக்கும். அது நோய் அல்ல, நல்ல மேய்ச்சலுக்கு அடையாளம். இரவெல்லாம் அது செரிமானத்துக்குப் போய், விடியும்போது பை காலியாகித் தளர்ந்துவிட வேண்டும். அதனால் இரைப்பையைப் பார்க்கச் சரியான நேரம் விடியற்காலைதான். பஞ்சாரத்தைத் தூக்குவதற்கு முன், தீனி போடுவதற்கு முன், கையை விட்டுத் தொட்டுப் பாருங்கள். காலியாக இருந்தால் கவலை இல்லை. நேற்று மாலை இருந்த கட்டி இன்று காலையிலும் அப்படியே இருந்தால் ஏதோ கோளாறு.

இது நாமாகக் கண்டுபிடித்த வழி அல்ல. பெரிய கோழிப் பண்ணைகளில் குஞ்சு இறக்கிய மறுநாள், சில குஞ்சுகளைக் கையில் எடுத்து இரைப்பையைத் தொட்டுப் பார்ப்பார்கள். நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்காவது பை நிறைந்து மெத்தென்று இருக்க வேண்டும் என்பது அவர்கள் கணக்கு. நிறையாமல் இருந்தால் தண்ணீரோ தீனியோ சூடோ சரியில்லை என்று தெரிந்துகொள்வார்கள். ஆயிரக்கணக்கில் வளர்ப்பவர்களே கையால் தொட்டுப் பார்க்கும்போது, பத்துக் கோழி வைத்திருக்கும் நமக்கு அது ஒரு வேலையா?

கையில் என்ன தட்டுப்படுகிறது?

காலையிலும் பை நிறைந்திருந்தால், அது கெட்டியாக இருக்கிறதா, கொழகொழவென்று இருக்கிறதா என்பதுதான் முதல் கேள்வி. இரண்டுக்கும் வைத்தியம் வேறு.

கெட்டியாக, பிசைந்த மாவு உருண்டை மாதிரியோ கல் மாதிரியோ இருந்தால் அது அடைப்பு. கோழி கழுத்தை நீட்டி நீட்டிச் சுருக்கும். தின்ன வரும், ஆனால் ரெண்டு கொத்து கொத்திவிட்டு விட்டுவிடும். எச்சம் குறைந்துபோகும். நாளாக நாளாக நெஞ்சு எலும்பு கத்தி மாதிரி துருத்திக்கொண்டு நிற்கும். பை நிறைந்திருக்கும்போதே பட்டினியால் சாகிற கொடுமை இது. செல்லம்பட்டி உறுப்பினர் கேட்ட கேள்விக்குப் பதிலும் இதுதான். அந்தக் கோழி மூன்று நாளுக்கு முன் தின்றது இன்னும் மேலேயே நின்றுகொண்டிருந்தது.

தண்ணீர் நிரப்பிய பலூன் மாதிரி கொழகொழவென்று இருந்து, வாயருகே மோந்தால் புளித்த நாற்றம் அடித்தால் அது இரைப்பை புளிப்பு. உள்ளே தேங்கிய தீனி புளித்துப்போய், ஒருவகைப் பூஞ்சைக் காளான் பெருகிவிட்டது என்று அர்த்தம். மாவு புளிக்கும்போது பொங்குகிற மாதிரி இங்கேயும் காற்று சேரும். வாயைத் திறந்து பார்த்தால் தயிர்த் திட்டு ஒட்டினாற்போல வெள்ளைப் படலம் சில கோழிகளுக்குத் தெரியும். அம்மையிலும் வாய்க்குள் படலம் வரும் என்பதால், கொண்டையிலும் கண் ஓரத்திலும் கொப்புளம் இருக்கிறதா என்றும் சேர்த்துப் பாருங்கள்.

மூன்றாவது ஒன்று உண்டு. வயதான கோழிக்கோ, பலமுறை அடைப்பு வந்த கோழிக்கோ பையின் சதை தளர்ந்து, பழைய துணிப்பை மாதிரி தொங்கிவிடும். அதை முழுசாகக் குணமாக்க முடியாது. நனைத்த தீனியாக, கொஞ்சம் கொஞ்சமாக, நாளைக்கு நாலைந்து வேளை கொடுத்து ஓட்டலாம். அடைக்கு வைக்க ஏற்ற கோழி அல்ல.

அடைப்பு எதனால் வருகிறது?

அந்தச் செவலைக் கோழியை அன்றைக்கே கால்நடை மருத்துவரிடம் கொண்டு போனோம். அவர் இரைப்பையைத் திறந்து எடுத்ததைப் பார்த்தபோதுதான் எங்களுக்கே விளங்கியது. ஒரு கைப்பிடி ஊறிய ரேஷன் அரிசி, விரல் நீளத்துக்கு நாலைந்து காய்ந்த புல், அதையெல்லாம் சுற்றி உருண்டையாகக் கட்டியபடி உரச்சாக்கின் வெள்ளை நூல். கோழிக் கூட்டுக்கு மழைத் தடுப்பாகப் பழைய யூரியாச் சாக்கைத் தொங்கவிட்டிருந்தார்கள். ஓரம் பிரிந்து நூல் தொங்கியது. கோழிக்கு அது புழு மாதிரி தெரிந்திருக்கிறது.

அடையில் இருக்கும் கோழி இருபத்தொரு நாளும் சரியாகத் தின்னாது. இறங்கியதும் அகோரப் பசி. அந்த நேரத்தில் காய்ந்த அரிசியையோ நெல்லையோ ஒரேயடியாக முன்னால் கொட்டினால், வயிறு முட்டத் தின்றுவிட்டுத் தண்ணீர் குடிக்கும். அரிசி உள்ளே ஊறிப் பெருக்கும். அடையிலிருந்து இறங்கிய கோழிக்கு முதல் இரண்டு மூன்று நாள் நனைத்த தவிடு, கேழ்வரகு மாவு, உதிர்த்த சோறு என்று கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள்.

நம் பக்கத்தில் இன்னும் பல காரணம் இருக்கிறது. வைக்கோல் படப்புக்கு அடியில் கிளறும்போது நீள வைக்கோலை முழுங்கிவிடும். மழை பெய்து புல் தலையெடுக்கும்போது கட்டி வைத்த கோழியைத் திடீரென்று அவிழ்த்துவிட்டால், நீள நீளமாகப் புல்லைப் பிடுங்கித் தின்னும். திருமங்கலம், கள்ளிக்குடி, தே.கல்லுப்பட்டி பக்கத்துக் கரிசல் ஊர்களில் பஞ்சு சீவலும் சேர்ந்துகொள்ளும். வீட்டில் தலை சீவிப் போடும் முடி, தையல் நூல், பூக்கட்டும் நார், பாலிதீன் கவர் துண்டு எல்லாமே கோழிக்குத் தீனிதான். கிடா வெட்டு, காதுகுத்து விருந்து முடிந்து மீந்த சோற்றை எலும்போடு குப்பையில் கொட்டினால், மறுநாள் இரண்டு கோழியாவது கழுத்தை நீட்டிக்கொண்டு நிற்கும்.

தண்ணீரை நாம் ரொம்பவும் லேசாக நினைக்கிறோம். சித்திரை, வைகாசி வெயிலில் மதுரைப் பக்கம் நூறு டிகிரியைத் தாண்டும்போது, ஒரு கோழி ஒரு நாளைக்குக் கால் லிட்டர் தண்ணீர்கூடக் குடிக்கும். மாட்டுத் தொட்டி எட்டாது. சாக்கடைத் தண்ணீர்தான் எட்டும். ஓர் உடைந்த மண்சட்டியை நிழலில் வைத்து, காலையும் மாலையும் கழுவித் தண்ணீர் மாற்றுங்கள். இரைப்பையில் தீனி ஊறவில்லை என்றால் இறங்காது.

கல்லும் அப்படித்தான். அவிழ்த்துவிட்டு மேய்க்கும் கோழி தனக்கு வேண்டிய பொடிக்கல்லைத் தானே பொறுக்கிக்கொள்ளும். சிமெண்டுத் தரையிலோ கூண்டிலோ அடைத்து வளர்க்கிறவர்கள் ஒரு கொட்டாங்குச்சியில் பருமணல், பொடி ஜல்லி வைக்க வேண்டும். கிளிஞ்சல் தூள் போடுகிறோமே போதாதா என்று சிலர் கேட்டார்கள். போதாது. கிளிஞ்சல் முட்டை ஓட்டுக்கான சுண்ணாம்புச் சத்து. அது வயிற்று அமிலத்தில் கரைந்துபோகும். அரைப்பதற்குக் கரையாத கல்தான் வேண்டும்.

குடல்புழு நிறைய இருக்கிற கோழிக்கும் செரிமானம் மந்தமாகும். பூச்சி மருந்து எப்போது, எவ்வளவு என்று மருந்தகத்தில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

வீட்டில் செய்யக்கூடியது

அடைப்பு என்று தெரிந்த அன்றே, கோழி தெம்பாக இருக்கும்போதே இதைச் செய்ய வேண்டும்.

கோழியைத் தனியாகப் பிரித்து நிழலில் வையுங்கள். அடியில் வைக்கோலோ சாக்கோ வேண்டாம், அதையும் தின்னும். பழைய துணியை மடித்து விரியுங்கள். பெரிய கோழிக்கு ஒரு பகலும் ஓர் இரவும் தீனி நிறுத்துங்கள். தண்ணீர் மட்டும் இருக்கட்டும். ஒரு நாளுக்கு மேல் பட்டினி போடாதீர்கள். குஞ்சுகளைப் பட்டினி போடவே கூடாது. அவற்றுக்கு அடைப்பு வந்தால் நேராக மருத்துவர்தான்.

பழைய சேலைத் துணியால் இறக்கையோடு சேர்த்துச் சுற்றி, கோழியைக் கக்கத்தில் இடுக்கிக்கொள்ளுங்கள். தலை மேலே இருக்க வேண்டும். வெதுவெதுப்பான தண்ணீரை இங்க் ஃபில்லரிலோ ஊசி கழற்றிய சிரிஞ்சிலோ எடுத்து, அலகின் ஓரத்தில் சொட்டுச் சொட்டாக விடுங்கள். ஒரு சொட்டை விழுங்கிய பிறகு அடுத்த சொட்டு. பிறகு நல்லெண்ணெயோ தேங்காய் எண்ணெயோ அதே மாதிரி கொஞ்சம் கொஞ்சமாக, மொத்தமே ஒரு டீஸ்பூன் போதும். விளக்கெண்ணெய் வேண்டாம். ஏற்கெனவே தளர்ந்த கோழிக்குப் பேதி சேர்ந்தால் தாங்காது.

ஐந்து நிமிடம் விட்டு, விரல் நுனியால் இரைப்பையை மெதுவாகப் பிசைந்து கொடுங்கள். சப்பாத்தி மாவை அமுக்குகிற மாதிரி அமுக்கக் கூடாது. சின்னப் பிள்ளைக்கு வயிறு நீவுகிற பதம்தான். உருண்டை உடைந்து இளக வேண்டும் என்பதுதான் நோக்கம், மேலே தள்ளுவதல்ல. ஒரு தடவைக்கு ஐந்து நிமிடம், ஒரு நாளைக்கு மூன்று நான்கு தடவை. மறுநாள் விடிந்ததும் தொட்டுப் பாருங்கள். சுருங்கியிருந்தால் வழி திறந்துவிட்டது. பிறகு இரண்டு மூன்று நாளைக்கு நீர்க்கக் கரைத்த கேழ்வரகுக் கூழ், குழைந்த சோறு என்று ஒவ்வொரு தடவையும் ஒரு கரண்டி. முழுத் தானியம் பிறகுதான். இரண்டு நாளில் கட்டி குறையவில்லை என்றால் உள்ளே நூலோ பாலிதீனோ இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். எண்ணெயும் பூண்டும் அரிசியை இளக்கலாம், நைலான் நூலைக் கரைக்காது.

இப்போது தலைகீழாகப் பிடிக்கும் விஷயம். கோழியின் நாக்குக்குப் பின்னாலேயே மூச்சுக்குழாயின் வாய் இருக்கிறது. அடுத்த முறை கறிக்கோழியின் வாயைத் திறந்து பாருங்கள், சின்னப் பிளவு ஒன்று தெரியும். தலைகீழாகப் பிடித்துப் பிதுக்கும்போது மேலே வரும் புளித்த தண்ணீர் அந்தப் பிளவு வழியாக நுரையீரலுக்குப் போய்விடும். கோழி அங்கேயே மூச்சு முட்டிச் சாகும், இல்லாவிட்டால் ரெண்டு நாளில் சளி கட்டிச் சாகும். எங்கள் கூட்டமைப்பில் ஓர் உறுப்பினர், நாங்கள் சொன்னபடி செய்து, நன்றாக முட்டையிட்ட ஒரு பெருவிடைக் கோழியைக் கையிலேயே பறிகொடுத்தார். "நீங்க சொன்னீகன்னுதான்க்கா செஞ்சேன்" என்று அவர் சொன்னதை இன்னும் மறக்கவில்லை. அலகைப் பிளந்து வைத்து மடமடவென்று எண்ணெய் ஊற்றினாலும் இதே கதிதான்.

புளிப்பு வந்த கோழிக்குப் பிசைந்து கொடுப்பது உதவாது, தண்ணீர் மேலே ஏறிவிடும். ஒரு நாள் தீனி நிறுத்தி, சுத்தமான தண்ணீர் மட்டும் வைத்து, மருத்துவரிடம் காட்டுங்கள். காளானைக் கொல்லத் தனி மருந்து இருக்கிறது, நிஸ்டாட்டின் என்று பெயர். எடைக்குத் தகுந்த அளவை அவர் சொல்வார். மனிதருக்கு வாங்கி மீந்த ஆண்டிபயாடிக் மாத்திரையைப் பொடித்துப் போடாதீர்கள். அது காளானைக் கொல்லாது. காளானைக் கட்டுக்குள் வைத்திருந்த நல்ல கிருமிகளைக் கொன்று, புளிப்பை இன்னும் கூட்டிவிடும். தெம்புக்கு என்று கருப்பட்டித் தண்ணீர், குளுக்கோஸ் கொடுப்பதும் காளானுக்குத் தீனி போடுகிற வேலை. மயில்துத்தம் கரைத்து வைக்கும் பழக்கம் சில ஊரில் இருக்கிறது. அளவு கொஞ்சம் கூடினாலும் அது விஷம், மருத்துவர் அளவு சொல்லாமல் தொடவே தொடாதீர்கள். மோர் கொடுக்கலாமா என்று பலர் கேட்டார்கள். குணமாகி வருகிற கோழிக்குக் கொஞ்சம் மோர்ச் சோறு கெடுதல் இல்லை, ஆனால் மோர் மருந்தாகாது.

பூசணம் பிடித்த சோளம், கட்டி தட்டிய தவிடு, இரண்டு நாள் ஊறிய சோறு இவைதான் புளிப்புக்கு முதல் காரணம். நாம் தின்ன மாட்டாததைக் கோழிக்குப் போட்டுவிட்டு, கோழிக்கு என்ன வந்தது என்று கேட்கிறோம்.

பிளேடு வைத்தியம்

நம் ஊர்களில் சில பாட்டிமார்கள் இதில் கைதேர்ந்தவர்கள். இறகைப் பிடுங்கி, தோலைக் கீறி, உள்ளே இருப்பதை எடுத்துவிட்டு, சேலை தைக்கும் ஊசியால் தைத்து, மஞ்சள் பத்துப் போட்டுவிடுவார்கள். பிழைத்த கோழியும் உண்டு. அவர்களைக் குறை சொல்லவில்லை. ஆஸ்பத்திரி பத்து மைலுக்கு அப்பால் இருந்த காலத்தில் கையில் இருந்ததை வைத்துச் செய்தார்கள்.

மருத்துவர் செய்வதும் கிட்டத்தட்ட அதே வேலைதான், ஆனால் ஒரு வித்தியாசம் இருக்கிறது. பையின் சுவர் வேறு, மேல்தோல் வேறு. அவர் முதலில் பையைத் தனியாகத் தைத்தார், பிறகு தோலைத் தனியாகத் தைத்தார். நாம் இரண்டையும் சேர்த்து ஒரே தையலாகப் போடுகிறோம். வெளியே மூடியது மாதிரி தெரியும். உள்ளே தையல் இடுக்கு வழியாகத் தீனியும் தண்ணீரும் தோலுக்கு அடியில் கசிந்து சீழ் வைக்கும். மரத்துப்போகும் மருந்து இல்லாமல் கீறும்போது கோழி படும் வேதனையிலேயே பல கோழிகள் போய்விடுகின்றன. செவலைக் கோழிக்கு அவர் மரத்துப்போக மருந்து கொடுத்துச் செய்தார். மொத்த வேலையும் அரை மணி நேரம்கூட ஆகவில்லை.

அடைப்பு போலவே தெரியும் வேறு நோய்கள்

உண்மையில் இந்தப் பாடத்தை எழுத முக்கியக் காரணம் இந்தப் பகுதிதான். இரைப்பையில் தண்ணீர் நிறைந்து, தூக்கினால் வாயிலிருந்து கொழகொழவென்று வடிவது வெள்ளைக்கழிச்சல் நோயிலும் வரும். நாம் கொக்கு நோய் என்கிறோமே, அதேதான். புத்தகத்தில் ராணிக்கெட் என்று போட்டிருக்கும். 1920-களின் கடைசியில் இமயமலை அடிவாரத்து ராணிக்கெட் ஊரில் இந்த நோயைக் கண்டதால் நம் நாட்டில் அந்தப் பெயர். வெளிநாட்டில் இங்கிலாந்து ஊர் ஒன்றின் பெயரால் நியூகாசில் நோய் என்கிறார்கள்.

எப்படிப் பிரித்துத் தெரிந்துகொள்வது? இரைப்பை அடைப்பு பெரும்பாலும் ஒரு கோழிக்குத்தான் வரும், மற்றவை நன்றாக மேயும். கொக்கு நோயில் இன்றைக்கு ஒன்று, நாளைக்கு மூன்று, மறுநாள் அடுத்த வீட்டிலும் என்று பரவும். பச்சையும் வெள்ளையுமாகக் கழியும், வாயைத் திறந்து மூச்சு வாங்கும், சிலதுக்குக் கழுத்து முறுக்கிக்கொள்ளும். அப்படி இருந்தால் எண்ணெயும் வேண்டாம், பிசையவும் வேண்டாம். கோழியைப் பிரித்து வைத்துவிட்டு உடனே மருந்தகத்துக்குச் சொல்லுங்கள். சந்தைக்குக் கொண்டு போய் வந்த விலைக்கு விற்பதுதான் பாவம். ஒரு சந்தையில் விற்ற கோழி பத்து ஊருக்கு நோயைக் கொண்டு போகும்.

ஒரு கால் முன்னும் ஒரு கால் பின்னுமாக நீட்டிப் படுத்து, இரைப்பையும் இறங்காமல் இருந்தால், அது மேரக் நோயாக இருக்கலாம். 1907-ஆம் ஆண்டில் இதை முதலில் எழுதிய ஹங்கேரி நாட்டு மருத்துவர் பெயர் அது. நரம்பைத் தாக்குவதால் இரைப்பைக்குப் போகும் நரம்பும் செத்து, பை நின்றுவிடும். இதற்கு மருந்து இல்லை.

இன்னொன்று விதை விஷம். விதைப்புக் காலத்தில் மருந்து கலந்த சிவப்பு, ஊதா நிற விதைகளைக் கோழி பொறுக்கிவிடும். இரைப்பை நிறைந்திருக்கும், உடம்பு நடுங்கும், வாயில் நுரை தள்ளும், தலை நிற்காது. இதை அடைப்பு என்று நினைத்து வீட்டில் வைத்துக்கொண்டிருக்காதீர்கள். அந்தக் கோழியை எந்தக் காரணம் கொண்டும் அறுத்துத் தின்னாதீர்கள், நாய்க்கும் போடாதீர்கள், ஆழக் குழி தோண்டிப் புதையுங்கள். குழம்பு வைக்கச் சொன்ன சின்னம்மாவுக்கும் இதைத்தான் சொன்னோம். எதனால் நோய் என்று தெரியாத கோழி குழம்புக்கு ஆகாது.

எங்கே கேட்பது?

பக்கத்து அரசு கால்நடை மருந்தகத்துக்கு முதலில் போங்கள். கோழிக்காக டாக்டரைத் தேடிப் போவதா என்று நம்மில் பலருக்குக் கூச்சம். மாட்டைக் கொண்டு வருகிறவர்கள் வரிசையில் முந்தானைக்குள் கோழியோடு நிற்க வெட்கமாக இருந்தது என்று செவலைக் கோழிக்காரரும் சொன்னார். நாட்டுக்கோழி முட்டை பத்து ரூபாய்க்குக் குறையாமல் விற்கிறது. ஓர் ஈட்டுக்குப் பத்துப் பன்னிரண்டு முட்டை, வருசத்துக்கு நாலைந்து ஈடு, அதில் ஒன்றிரண்டு ஈடு குஞ்சாகப் பெருகும் என்று குழு நோட்டில் கணக்குப் போட்டுப் பாருங்கள், வெட்கம் போய்விடும். கால்நடை உதவிக்கு 1962 என்ற எண்ணிலும் கூப்பிட்டுக் கேட்கலாம். திருப்பரங்குன்றத்தில் உள்ள கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகப் பயிற்சி மையத்தில் நாட்டுக்கோழி வளர்ப்புப் பயிற்சி கொடுக்கிறார்கள். ஐந்தாறு பேர் சேர்ந்து போவது நல்லது.

கொக்கு நோய்த் தடுப்பூசி அரசு மருந்தகங்களில் இலவசம், சனிக்கிழமைகளில் போடும் வழக்கம் இருக்கிறது. மாசி மாத வாக்கில் ஊர் ஊராக முகாமும் நடத்துகிறார்கள். எட்டு வாரம் தாண்டிய, நோய் இல்லாத கோழிக்குத்தான் அந்த ஊசி. நோய் வந்த பிறகு கொண்டு போனால் பயன் இல்லை.

செவலைக் கோழி பிழைத்துக்கொண்டது. பத்து நாள் கூழ் குடித்துவிட்டு இப்போது மேய்ச்சலுக்குப் போகிறது. பதினோரு குஞ்சில் ஒன்பது இருக்கிறது, இரண்டைக் காக்கா தூக்கிவிட்டது. கூட்டில் தொங்கிய சாக்கை எடுத்துவிட்டுத் தென்னங்கிடுகு கட்டியிருக்கிறார்கள்.

அடுத்த குழுக் கூட்டத்தில் ஊக்குநர்கள் இந்தப் பாடத்தை வாசித்துக் காட்டுங்கள். வாசித்த பிறகு ஆரோக்கியமான ஒரு கோழியைக் கொண்டு வந்து, ஒவ்வொருவரும் இரைப்பையைத் தொட்டுப் பார்க்கட்டும். நல்ல கோழியின் பை எப்படி இருக்கும் என்று கைக்குத் தெரிந்தால்தான் கெட்டதும் தெரியும். தடுப்பூசிக்குச் சொல்லி வைக்க வேண்டும் என்பதால், உங்கள் குழுவில் யார் யாரிடம் எட்டு வாரம் தாண்டிய கோழி எத்தனை இருக்கிறது என்று தீர்மான நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதிக்கொண்டு வாருங்கள்.